வீங்கிய கைக்கு எவ்வளவு பயிற்சி?

கேள்வி: எனக்கு வயது 43. ஈரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் முடக்குவாதம் என்று சொன்னார்கள். வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட், தினமும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுக்கிறேன். நாலு மாதமாக ஒரே அளவுதான். வலி முன்பைவிடக் குறைவு, ஆனால் காலையில் முக்கால் மணி நேரம் விரல்கள் மடங்குவதில்லை. டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். பிசியோதெரபிஸ்ட் ஒரு தாள் கொடுத்தார். முதல் நாளே தாளில் இருந்த அத்தனையும் செய்தேன். மகன் வாங்கித் தந்த ஸ்மைலி பந்தையும் டிவி பார்த்துக்கொண்டே அழுத்திக்கொண்டிருந்தேன். மறுநாள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அத்தோடு விட்டுவிட்டேன். "வீங்கின மூட்டை ஆட்டினால் தேய்ந்துபோகும், சும்மா இரு" என்கிறார் மாமியார். "வீட்டு வேலை செய்வது போதாதா" என்கிறார் கணவர். நாத்தனார் யோகா வகுப்புக்குக் கூப்பிடுகிறார். அங்கே ஒருவர் மாத்திரையையே நிறுத்திவிட்டாராம். யார் சொல்வதைக் கேட்பது? வீட்டில் தையல் தைத்துக்கொண்டிருந்தேன், நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. திரும்பத் தைக்க முடியுமா?

பதில் (பிசியோதெரபிஸ்ட்):

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மணிக்கட்டு வீங்கியதற்கு அந்தத் தாளைக் குறை சொல்ல மாட்டேன். இருந்த அத்தனையையும் ஒரே நாளில் செய்தது ஒன்று, அதற்கு மேல் அந்தப் பந்து. இந்த நோய்க்குப் பயிற்சியும் மாத்திரையைப் போல அளவு பார்த்துக் கொடுக்க வேண்டியதுதான். ஒரு மாதத்து மாத்திரையை ஒரே வேளையில் விழுங்கிவிட்டு, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று யாரும் சொல்வதில்லை. அளவைக் குறைத்துத் திரும்பத் தொடங்குங்கள். எப்படி என்று சொல்வதற்கு முன், வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொல்லிவிடுகிறேன்.

மாமியார் சொல்வதை ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னார்கள். மூட்டு வீங்கினால் வாரக்கணக்கில் படுக்க வைப்பதுதான் அப்போதைய வைத்தியம். அவர் பயப்படும் தேய்மானம் வேறு நோய், வயதானவர்களுக்கு முழங்காலில் வருவது. உங்களுக்கு உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடிக்கிறது, நீர் கோக்கிறது, அந்த அழற்சி குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. மூட்டை அசைக்காமல் வைத்தாலும் அந்த அரிப்பு நடந்துகொண்டேதான் இருக்கும். நெதர்லாந்தில் 300க்கும் அதிகமான முடக்குவாத நோயாளிகளை இரண்டு வருடம் கவனித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் ஒரு பாதிப் பேர் வாரம் இரண்டு தடவை, தடவைக்கு ஒன்றேகால் மணி நேரம், சைக்கிள், தசைப் பயிற்சி, பேட்மின்டன், வாலிபால் மாதிரி விளையாட்டு என்று நன்றாகவே வியர்வை சிந்தினார்கள். நோயின் வேகம் கூடவில்லை. எக்ஸ்ரேயில் கை, பாதத்துச் சிறு மூட்டுகளில் கூடுதல் சேதம் தெரியவில்லை. அன்றாட வேலை செய்யும் திறன் கூடியது. முழங்கால், இடுப்பு, தோள் மாதிரிப் பெரிய மூட்டு முன்பே மோசமாகச் சிதைந்திருந்தவர்கள் மட்டும் அவ்வளவு கடுமையாகச் செய்வதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றார்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படி இருப்பதாகத் தெரியவில்லை. எக்ஸ்ரே பார்த்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சும்மா இருப்பதற்குத்தான் விலை அதிகம். முழங்காலில் கொஞ்சம் நீர் கோத்தாலே தொடையின் முன் தசை பாதி வேலைநிறுத்தம் செய்துவிடும். மூளை அதற்கு அனுப்பும் உத்தரவே குறைந்துபோகிறது. இந்த நோயின் அழற்சி தசையையும் கரைக்கும். ஸ்டீராய்டு எடுத்திருந்தால் எலும்பும் மெலிந்திருக்கும். தசை போனால் அந்தப் பாரமும் மூட்டின் தலையில்தான் விழும். இதய நோய் வரும் வாய்ப்பும் முடக்குவாதக்காரர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். மூட்டு டாக்டர் நடக்கச் சொல்வதில் அந்தக் கணக்கும் இருக்கிறது.

இனி உங்கள் கணவருக்கு. அவர் ஒரு நாள் தேங்காய் துருவிப் பார்க்கட்டும். துருவும்போதும், ஈரத் துணி பிழியும்போதும், ஊறுகாய் ஜாடி மூடியை முறுக்கும்போதும் வேலை செய்வது விரல் முட்டிகளும் மணிக்கட்டும்தான். அதுவும் ஒரே திசையில், விரல்களைச் சுண்டுவிரல் பக்கமாகத் தள்ளிக்கொண்டே. முடக்குவாதத்தில் விரல்கள் சாய்வதும் அதே பக்கம்தான். தொடைக்கும் தோளுக்கும் இந்த வேலைகளில் பயிற்சியே கிடைப்பதில்லை. துணியைப் பிழியாமல் சொட்டச் சொட்டக் கொடியில் போடுங்கள், ஈரோட்டு வெயிலில் காயாத துணி உண்டா? துருவுவதை வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். காய்கறிப் பையை விரலில் தொங்கவிடாமல் முன்கையில் மாட்டுங்கள். குழாய்த் திருகுகளை, முழங்கையால் தள்ளினாலே திறக்கும் நீளக் கைப்பிடியாக மாற்ற ஒரு பிளம்பரைக் கூப்பிட்டால் போதும்.

நாத்தனார் பேச்சில் பாதியைக் கேட்கலாம். யோகா நல்லதுதான், சில நிபந்தனைகளோடு, பின்னால் சொல்கிறேன். மாத்திரையை நிறுத்தியவர் கதையை மட்டும் மறந்துவிடுங்கள். பிரெஞ்சு ஓவியர் ரெனுவாருக்கு ஏறக்குறைய 25 வருடம் இந்த நோய் இருந்தது. சிறு பந்துகளைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பது, பில்லியர்ட்ஸ் ஆடுவது என்று கைக்கு விடாமல் பயிற்சி கொடுத்தவர் அவர். மனம் தளராமல் கடைசிவரை வரைந்துகொண்டும் இருந்தார். ஆனாலும் விரல்கள் கோணின, கடைசிக் காலம் சக்கர நாற்காலியில்தான் கழிந்தது. 1919இல் அவர் இறந்தபோது மெத்தோட்ரெக்ஸேட் என்ற ஒன்றே கிடையாது. உங்களுக்கு அது இருக்கிறது. வாரம் ஒரு நாள் என்றால் ஒரே நாள்தான். தவறியும் தினமும் போட்டுவிடக் கூடாது, உயிருக்கே ஆபத்து. அதைப் போட்ட மறுநாள் சிலருக்கு ஒருவித அசதியும் குமட்டலும் இருக்கும். அந்த நாளைப் பயிற்சியில் லேசான நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். மருந்து எடுத்தும் காலையில் முக்கால் மணி நேரம் விரல் மடங்கவில்லை என்றால், நோய் இன்னும் முழுதாக அடங்கவில்லை என்று அர்த்தம். அதைப் பயிற்சியால் ஈடுகட்ட முடியாது. அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது "வலி பரவாயில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். காலை இறுக்கம் எத்தனை நிமிடம் என்று சொல்லுங்கள். அவர் 28 மூட்டுகளை அழுத்திப் பார்த்து, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. அளவையும் சேர்த்து, மருந்தைக் கூட்டலாமா மாற்றலாமா என்று முடிவு செய்வார்.

இப்போது பயிற்சிக்கு வருவோம்.

தினமும் முதலில் கையைப் பாருங்கள். விரல்களை மெதுவாக மடக்கினால் புறங்கையில் முட்டிகள் எழும்பும், நடுவில் பள்ளம் தெரியும். பள்ளம் தெரியாமல் மேடாகிக் கிடந்தால் அங்கே வீக்கம். இன்னொரு கையின் புறத்தை மணிக்கட்டின் மேல் வைத்துப் பாருங்கள், பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா? மோதிரம் நேற்றைவிட இறுகியிருக்கிறதா? இவை சாதாரணமாக இருந்தால் பயிற்சி நாள். பள்ளம் மறைந்து, சூடும் இருந்தால் ஓய்வும் லேசான அசைவும் மட்டும். பத்து விநாடியில் முடிகிற சோதனை இது, ரத்தப் பரிசோதனைச் சீட்டைவிட உங்களுக்கு அன்றாடம் உதவும்.

எழுந்தவுடன் எந்தப் பயிற்சியும் வேண்டாம். இரவெல்லாம் அசையாமல் கிடந்த மூட்டில் நீர் தேங்கியிருக்கும், அழற்சியைத் தூண்டும் பொருள்களும் விடியற்காலையில்தான் ரத்தத்தில் உச்சத்தில் இருக்கும். ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து இரண்டு கையையும் மணிக்கட்டுவரை முக்கி, ஐந்து நிமிடம் மெதுவாக மூடித் திறங்கள். முழுதாக மூட வேண்டும் என்று இல்லை, வருகிற அளவு போதும். காப்பி டம்ளரை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக் குடிப்பதும் அந்த நேரத்துக்கு நல்லதுதான்.

உண்மையான கைப் பயிற்சியைப் பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். விரல்களை நேராக நீட்டுங்கள். விரல்களின் நடு, நுனி மூட்டுகளை மட்டும் கொக்கி மாதிரி மடக்கி, நீட்டுங்கள். பிறகு விரல்கள் நேராக இருக்க, முட்டியில் மட்டும் மடக்கி, நீட்டுங்கள். கடைசியில் முழுக் கையையும் மெதுவாக மூடி, நீட்டுங்கள். இது ஒரு சுற்று. கட்டைவிரல் நுனியால் மற்ற நான்கு விரல் நுனிகளையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். தொடும்போது நடுவில் வட்டமாக இடைவெளி இருக்க வேண்டும், விரல் தட்டையாக நசுங்கக் கூடாது. முன்கையை மேஜையில் வைத்து, கையை விளிம்புக்கு வெளியே விட்டு, மணிக்கட்டை மேலும் கீழும் அசையுங்கள்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. உள்ளங்கையை மேஜையில் விரித்து வையுங்கள். ஆள்காட்டி விரலைச் சற்றே தூக்கி, கட்டைவிரல் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வையுங்கள். அடுத்து நடுவிரல், பிறகு மோதிர விரல், கடைசியில் சுண்டுவிரல். நான்கும் கட்டைவிரல் பக்கம் நடந்து போய்ச் சேர்ந்ததும், கையையே தூக்கிப் பழைய இடத்தில் வைத்துவிடுங்கள். மேஜையில் தேய்த்தபடி சுண்டுவிரல் பக்கம் திரும்ப இழுக்க வேண்டாம். விரல் சாய்கிற திசைக்கு எதிர்த்திசையில் இழுக்கும் சிறு தசைகளுக்கு இப்படித்தான் வேலை கொடுக்க முடியும். பார்க்க விளையாட்டாகத் தெரியும், ஐந்து தடவை செய்து பாருங்கள், முன்கை அலுக்கும்.

முதல் வாரம் ஒவ்வொன்றும் ஐந்து தடவை, ஒரு நாளைக்கு ஒரு வேளை. அவ்வளவுதான். அடுத்த வாரம் எட்டு, பிறகு பத்து. மூன்று வாரம் கழித்து, வீக்கம் வராமல் இருந்தால், பலம் சேர்க்கும் பயிற்சி. அகலமான தளர்ந்த ரப்பர் பேண்டை விரல்களைச் சுற்றிப் போட்டு, வெளிப்பக்கமாக விரியுங்கள். பிசியோதெரபிஸ்டிடம் மிருதுவான களிமண் மாதிரி ஒன்று கிடைக்கும், அதை விரல் நுனிகளால் மெதுவாகக் கிள்ளி இழுக்கலாம்.

பந்தை மகனிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எலும்பு முறிந்து கட்டு பிரித்த கைக்கு அது சரி. வீங்கிய முட்டியைச் சுற்றியுள்ள உறை தளர்ந்திருக்கும்போது கெட்டியாக அழுத்திப் பிடித்தால், தசைநார்கள் விரலை உள்ளங்கைப் பக்கமும் சுண்டுவிரல் பக்கமும் இழுத்துவிடும்.

இப்படிச் செய்வதில் பலன் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் 490 பேரை வைத்துச் செய்து, 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. கையை நீட்டி மடக்கும் பயிற்சியும் பலப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்து, வீட்டில் தினமும் செய்ய வைத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் கையால் அதிக வேலை செய்ய முடிந்தது. வலியும் கூடவில்லை. மருந்து எடுப்பவர்கள் மூன்று மாதமாவது அளவு மாறாமல் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. நீங்கள் நான்கு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் மருந்தை மாற்றினால், கைக்குப் பலப் பயிற்சியை மட்டும் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள்.

காலுக்கு இரண்டு போதும். படுத்துக்கொண்டு முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்தி ஐந்து விநாடி பிடித்து விடுங்கள், பத்து தடவை. முடிந்ததும் துண்டை எடுத்துவிட வேண்டும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குவது சுகமாக இருக்கும், ஆனால் நாளடைவில் கால் நீட்ட வராமல் மடங்கியே நின்றுவிடும். இரண்டாவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து, மெதுவாக உட்காருங்கள், தொப்பென்று விழக் கூடாது. கஷ்டமாக இருந்தால் இருக்கையில் ஒரு தலையணை போட்டு உயரமாக்குங்கள். ஐந்தில் தொடங்கி இரண்டு சுற்று எட்டுவரை போகலாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். தோளுக்கு, துணிப்பையில் அரைக் கிலோ அரிசி போட்டு முன்கையில் மாட்டிக்கொண்டு கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குக் கீழேவரை தூக்கலாம். டம்பெல் வேண்டாம், அதைப் பிடிப்பதிலேயே மணிக்கட்டு களைத்துவிடும்.

நடைக்கு எல்லோரும் விடியற்காலை ஐந்து மணியைத்தான் சொல்வார்கள். உங்கள் உடம்புக்கு அந்த நேரம் சரிவராது. மாலை ஐந்தரைக்கு மேல் போங்கள். பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டி, நாளைக்கு முப்பது நிமிடம், வாரம் ஐந்து நாள் என்பது இலக்கு. ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்று இல்லை, மூன்று பத்தாகப் பிரித்தாலும் கணக்கு ஒன்றுதான். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகத்துக்கு அதுதான் அளவு. முன்பாதத்தில் கூழாங்கல்லை மிதிப்பது போல வலி இருந்தால் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு வாங்கி, வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள்ளுங்கள். சமையலறையில் செருப்பா என்று மாமியார் முகம் சுளித்தால், அதற்கென்று தனி ஜோடி வைத்துக்கொள்ளலாம்.

அளவு கூடிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? செய்யும்போது கொஞ்சம் வலிப்பது இயல்பு. முடித்து இரண்டு மணி நேரம் ஆகியும், தொடங்கும் முன் இருந்ததைவிட மூட்டு அதிகமாக வலித்தால், அல்லது மறுநாள் காலை இறுக்கம் வழக்கத்தைவிட நீண்டால், அன்றைக்குச் செய்தது அதிகம். அடுத்த தடவை பாதியாகக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். மூட்டு வலிக்கும் தசை வலிக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். மறுநாள் தொடைச் சதை கனத்து, படி இறங்கும்போது பிடித்து, இரண்டு மூன்று நாளில் தானாகப் போனால் அது தசை வலி. அதற்குப் பயப்படத் தேவையில்லை. மூட்டே வீங்கிச் சூடேறினால் அது வேறு.

நோய் சீறி எழும் நாட்களும் வரும். அப்போது நடை, பலப் பயிற்சி எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு மூட்டையும் வலிக்காத எல்லைக்குள் நாளைக்கு இரண்டு தடவை அசைத்தால் போதும், மூட்டு இறுகிப்போகாது. சூடான வீக்கத்துக்கு ஐஸை ஈரத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள், வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். இரவில் மணிக்கட்டு அசையாமல் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட் போடலாம். சில நாளில் தணியாவிட்டால் டாக்டரைப் பாருங்கள். ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து வீங்கி, காய்ச்சலும் சேர்ந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்களுக்கு மூட்டுக்குள் கிருமித் தொற்று வந்திருக்கலாம், காத்திருக்கக் கூடாது.

யோகா வகுப்புக்குப் போவதென்றால், முதலில் கழுத்து. முடக்குவாதம் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையே உள்ள பிணைப்பையும் தளர்த்தக் கூடியது. பின்மண்டையில் வலி, கழுத்தைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்ந்த மாதிரி உணர்வு, கை கால் மரத்துப்போவது, இதில் ஏதாவது இருந்தால் கழுத்து எக்ஸ்ரே பார்க்காமல் எந்த வகுப்புக்கும் போகக் கூடாது. ஒன்றுமே இல்லாவிட்டாலும் சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம், தலையை வேகமாகச் சுழற்றுவது ஆகியவற்றை நான் யாருக்கும் சொல்வதில்லை. சூரிய நமஸ்காரத்தில் உடம்புப் பாரம் முழுவதும் மடங்கிய மணிக்கட்டில் விழும், அதையும் விட்டுவிடுங்கள். மூச்சுப் பயிற்சி, நின்று செய்யும் எளிய ஆசனங்கள், சவாசனம் போதும். ஆசிரியரிடம் நோயின் பெயரைச் சொல்லிவிட்டுச் சேருங்கள். கேட்டுவிட்டு "எல்லாம் சரியாகிவிடும், மாத்திரையை நிறுத்துங்கள்" என்று சொன்னால், வேறு வகுப்பு பாருங்கள்.

தையலுக்கு வருகிறேன். திரும்பத் தைக்கலாம். கைப் பயிற்சி ஆறு வாரம் வீக்கமில்லாமல் ஓடட்டும், அதன் பிறகு உட்காருங்கள். மிதி மெஷினாக இருந்தால் மோட்டார் வைத்துவிடுங்கள். கணுக்காலும் பாதமும் பிழைக்கும். முதலில் பருத்தி ரவிக்கை, பாவாடை மாதிரி லேசான வேலையை மட்டும் எடுங்கள். ஜீன்ஸ் விளிம்பு மடிப்பதும், கையால் ஹெம்மிங் செய்வதும் இப்போதைக்கு வேண்டாம், ஹெம்மிங்கை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை செல்போனில் மணி வைத்து, எழுந்து நின்று, கையை அந்த நான்கு நிலையிலும் ஒரு சுற்று மடக்கி நீட்டுங்கள். கையை அதிகம் பழுதாக்குவது மெஷின் அல்ல, கனத்த இரும்புக் கத்தரிக்கோல்தான். வெட்டும் வேலையை ஒரே நாளில் குவிக்காமல் நாளுக்கு இரண்டு துணி என்று பிரித்துக்கொள்ளுங்கள். அழுத்தத்தை விட்டதும் தானாகத் திறந்துகொள்ளும் ஸ்பிரிங் கத்தரிக்கோல் கிடைக்கிறது. வாங்கும்போது ஒரு துண்டுத் துணியைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே நாலு வெட்டு வெட்டிப் பார்த்து வாங்குங்கள்.